வேகாத பருப்பு

தெலங்கானாவில் நல்கொண்டா பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஆண்டாளு நேரே நுழைவது அடுப்படிக்குள்தான். நிலத்தடி நீர் அலுவலகத்தில் வேலை, நிலவியல் படித்தவள். எங்கே போர் போட்டால் தண்ணீரில் ஃபுளோரைடு வரும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் பொறுப்பு. பாறையைப் பார்ப்பாள், ஆழத்தைக் கேட்பாள். பிறகு, "அக்கா, உங்க தண்ணில துவரம்பருப்பு சீக்கிரம் வேகுதா?" என்பாள். சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் பருப்பு வெண்ணெயாய்க் குழையும். பாறையின் ஃபுளோரைடு அதிகம் கரைவதும் அதில்தான். பருப்பு வேகிற தண்ணீரே நல்ல தண்ணீர் என்று நம்பிக் குடித்த ஊர்கள் பல்லில் காவியும் முதுகில் கூனும் வாங்கிக்கொண்டன. அலுவலகத்தில் அவளைப் "பருப்பு இன்ஜினியர்" என்று கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும், அவள் கணிப்பு தப்பியது அபூர்வம்.

பதுகம்மா பண்டிகைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கன்வாடிக்குப் புது போர் போட, அண்ணன் சைதுலு தன் போருக்குப் பக்கத்திலேயே பெருமையாக இடம் கொடுத்திருந்தான். அண்ணி அனசூயாவுக்கு ஐந்தாம் மாதம். தட்டில் விழுந்த பருப்பு மாவாய்க் கரைந்திருந்தது. ஆண்டாளு பிசைவதை நிறுத்தினாள்.

"அண்ணி, இது எந்தத் தண்ணி?"

"நம்ம போர் தண்ணிதான். ரெண்டே விசில்!"

ஆண்டாளு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அங்கன்வாடி போர் இங்க வேணாம். ஏரிக்கரைல போடச் சொல்லு."

"ஏரிக்கரைத் தண்ணியா? அதுல பருப்பு கல்லாட்டம் கெடக்கும். ஊரே நம்ம தண்ணிய மெச்சுது, நீ குத்தம் சொல்ல வந்துட்டியா, பருப்பு இன்ஜினியரம்மா?"

அவள் பையிலிருந்து சோதனைக் குப்பியை எடுத்தாள். தன் கணிப்பு பொய்க்கட்டும் என்று அன்றுதான் முதன்முதலாக வேண்டிக்கொண்டாள். மருந்து விட்டால் நல்ல தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்கும். இது மஞ்சளாயிற்று.

அனசூயா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "இதத்தானே நான் தெனமும் குடிக்கிறேன்?"

சைதுலு குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

புது போர் ஏரிக்கரையில் இறங்கியது. அந்தத் தண்ணீர் இளஞ்சிவப்பாகவே நின்றது. அங்கன்வாடி ஆயா பருப்போடு மல்லுக்கட்டி ஆண்டாளுவை வாயார வைதாள். சைதுலு தினமும் சைக்கிளில் குடம் கட்டி அங்கிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தவன் பருப்பைக் கடித்துப் பார்த்தான். "என்னடி இது, பல்லே பேந்துடும் போலிருக்கே!"

அனசூயா கரண்டியோடு நின்றாள். அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். நிதானமாக மென்று விழுங்கிவிட்டுத் தட்டை நீட்டினான்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடு."