கொம்பை முதலில் தட்டுகிறவள்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் டைப்பிங் சென்டர். பள்ளிக்கூட வினாத்தாள், சங்கத் தீர்மானம், கல்யாணப் பத்திரிகை வாசகம் எது வந்தாலும் அடித்துத் தருவேன். என் பழைய கம்ப்யூட்டரில் புதிய பதிப்பு ஏறாது, வேறு வாங்கிக்கொள் என்று திரையில் தினமும் ஓர் அறிவிப்பு வர ஆரம்பித்தது. நன்றாக ஓடுகிற வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வினாத்தாள் கொண்டுவரும் ஆசிரியை ஒருவர் பென் டிரைவ் ஒன்றை நீட்டினார். உள்ளே லினக்ஸ் என்கிற வேறொரு சிஸ்டம். விலை கிடையாது.

"ஓட்டிப் பாருங்கக்கா. புடிக்கலன்னா உருவிடுங்க, உங்க பழைய சிஸ்டம் அப்படியேதான் இருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரர் தக்காளி மண்டியில் வேலை பார்ப்பவர். இலவசம் என்றாலே அவருக்குச் சந்தேகம். "தக்காளி கிரேட்டுல மேலாப்புல நல்ல பழமாத்தான் அடுக்கியிருப்பாங்க. அடியில கையவுட்டுப் பாக்கணும்" என்றார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இவர் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றையே வாங்குவார்.

என் பயம் வேறு. நான் இன்ஸ்டிட்யூட்டில் யளனக என்று தட்டித் தட்டித் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவள். 'கே' என்று அடிக்க நாங்கள் கொம்பை முதலில் தட்டுவோம், பிறகுதான் 'க'. இப்போதைய பிள்ளைகளுக்கு இது தலைகீழ். "ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழ் வருமே, அதப் பழகிக்குங்க" என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். பழகிப் பார்த்தேன். ஒரு பக்கம் அடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பழைய சிஸ்டத்தில் யாரோ எப்போதோ போட்டுக்கொடுத்த டைப்ரைட்டர் கீபோர்டு சாஃப்ட்வேரை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது. அது போனால் என் விரல்களுக்கு வேலை இல்லை.

பென் டிரைவைச் செருகினேன். தமிழ் கீபோர்டுகளின் வரிசையில் தேடினேன். 'டைப்ரைட்டர்' என்று ஒன்று இருந்தது. இருந்தால் போதுமா, கொம்பு வேண்டுமே. 'கேள்வி' என்று அடிப்போம் என்று கொம்பைத் தட்டினேன். அது திரையில் தனியாக நின்றது. போச்சு என்றுதான் நினைத்தேன். 'க'வைத் தட்டியதும் சட்டென்று ஒட்டிக்கொண்டு 'கே' ஆனது. மீதி எழுத்துகள் தாமாக வந்தன. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வினாத்தாள் முழுவதும் அடித்தேன்.

பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது. ஆசிரியை வந்து அதையும் வழிக்குக் கொண்டுவந்தார். இதன் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், அப்படித்தான் ஊர் ஊராகப் பலர் சேர்ந்து செய்கிறார்கள் என்று அவர் சொல்ல, என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கிரேட்டக் கவுத்தே காட்டறாங்க" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பெரிய பாராட்டு அதுதான்.

எனக்கு அந்தக் கொம்பு மறக்கவில்லை. எந்த ஊரிலோ யாரோ ஒருவர், சம்பளம்கூட வாங்காமல், கொம்பை முதலில் தட்டுகிறவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். அவர் முகம் தெரியாது, பெயர் தெரியாது. இத்தனை வருடமும் என் விரலை மாற்றிக்கொள்ளத்தான் எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒருவர்தான் என் விரலுக்காக உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்.