மூலை உடைந்த ‘ம’

விழுப்புரத்து வக்கீல் எங்கள் அச்சகத்துத் தெருமுனையில் ஜட்காவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், பெரிய எழுத்து டிராயரிலிருந்து ‘ம’வை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதுதான். யோசிக்கவே இல்லை. அந்த வயதில் எனக்கு யோசனைக்கு முன்னால் கை போய்விடும்.

அறுபதுகளின் தொடக்கம், தேர்தல் நெருங்கிவிட்டது. திண்டிவனத்தில் அந்தச் சின்ன அச்சகத்தில்தான் எங்கள் கட்சியின் வாரப் பத்திரிகை அச்சாகும். செய்தி எழுதுவது நான், புரூப் பார்ப்பது நான், ஆள் வராத நாளில் எழுத்துக் கோப்பதும் நான். அச்சக முதலாளி எந்தக் கட்சியிலும் இல்லை. கல்யாணப் பத்திரிகை, மாதா கோவில் நோட்டீஸ், எங்கள் பத்திரிகை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆனால் எதை அச்சடித்தாலும் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தாக வேண்டும் என்பார். சட்டமும் அதுதான்.

அதை நான் மீறியதற்குக் காரணம் இரண்டு தடித்த புத்தகங்கள். பள்ளிக்கூடத்து ஃபாதர் பழைய அலமாரியைக் காலி செய்தபோது எனக்குக் கொடுத்தவை. விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் பத்திரிகைகள், பைண்டு செய்தவை. ஒன்று ஆளும் கட்சியின் பக்கம், இன்னொன்று எதிர்க்கட்சியின் பக்கம். ஒரே நாள், ஒரே கூட்டம். இதில் மண்டபம் நிரம்பி வழிகிறது, வரிக்கு வரி கரவொலி. அதில் பாதி நாற்காலி காலி, பேசியவரின் குரல் கூச்சலில் மூழ்கிப்போகிறது. திட்டு என்றால் அப்படியொரு திட்டு. எங்கேயும் எழுதியவன் பெயர் கிடையாது. கூட்டம் உண்மையில் எப்படித்தான் நடந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பெயரில்லாமல் எழுதினால் பேனாவுக்கு இவ்வளவு வேகம் வருமா என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி குடும்பத்தோடு மாதா கோவில் பூசைக்குப் போகும்போது சாவி என்னிடம் இருக்கும். அந்த ஞாயிறு நான் தனியாக உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் கோத்தேன். எதிர்க்கட்சி வேட்பாளர் பனமலை ஏரி மதகை மூடிவிட்டுத் தன் நிலத்துக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் காதில் விழுந்ததுதான் விஷயம். தலைப்பு: ‘மதகை மூடியது யார்?’ காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷினான டிரெடிலையும் நானே மிதித்தேன். அடியில் அச்சகத்தின் பெயர் இல்லை. அடுத்த நாளே அது விழுப்புரம் வரைக்கும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வக்கீல் வந்தார். அந்த வேட்பாளரின் தேர்தல் ஏஜெண்டு அவர். நோட்டீசை முதலாளியின் மேசைமேல் விரித்தார்.

“இது உங்க பிரஸ்ஸுல அடிச்சதா?”

“இல்லீங்க. எங்க பேரு இல்லாம ஒரு துண்டுக் காயிதம்கூட இங்கேர்ந்து வெளிய போவாதுங்க.”

“தலைப்புல முதல் எழுத்தைப் பாருங்க. ‘ம’வுல ஒரு மூலை உடைஞ்சிருக்குது. உங்க எழுத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

“தாராளமா பாருங்க. தம்பி, பெரிய எழுத்து டிராயரை இழு.”

இழுத்தேன். மரத்தில் செதுக்கிய எழுத்துகள், ஒவ்வொன்றும் தன் அறையில். ‘ம’வின் அறை மட்டும் காலி. அந்த அளவில் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ‘ம’. முதலாளியின் விரல் அந்த இடத்தில் போய் நின்றது.

“அந்த எழுத்து இன்னா ஆச்சு, தம்பி?”

“தெரிலண்ணே. தேஞ்சு போச்சுன்னு யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்க.”

“அவ்ளோ ஜல்தியா தேஞ்சிடுச்சா” என்றார் வக்கீல். “போன வாரம் நல்லாதானே இருந்துது?”

கைப்பையிலிருந்து போன வாரத்து எங்கள் பத்திரிகையை எடுத்து நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்தார். ‘மக்கள் கேட்கிறார்கள்’ என்று நான் வைத்த தலைப்பு. மூலை உடைந்த ‘ம’. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர், தெரு, ஊர், எல்லாம்.

எழுத்தை ஒளிக்கத் தெரிந்தவனுக்கு, ஊர் முழுக்க விற்ற பத்திரிகை ஞாபகம் வரவில்லை. ஒளித்ததால் இன்னும் மோசம். இப்போது முதலாளியே மறைத்த மாதிரி ஆகிவிட்டது.

“போலீசுக்குப் போனா கேஸு. பிரஸ்ஸுக்கு சீல் வெப்பாங்க. தெரியுமில்ல?”

“எம் புள்ளைங்க மேல சத்தியமா நான் அடிக்கலீங்க. பூசைக்குப் போன நேரம் தவுர நான் இங்கியேதான்...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“பூசைக்குப் போனப்ப சாவி யார்கிட்ட இருந்துது?”

முதலாளி என் பக்கம் திரும்பவில்லை. மேசையில் இருந்த மைக்கறையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பெயர் சொன்னால் அவருடைய பிரஸ் தப்பித்துவிடும். சொல்லவில்லை. என் சட்டைப்பை அந்த மரத்துண்டின் கனத்தில் தொங்கியது.

எடுத்து மேசையில் வைத்தேன். “நான்தாங்க.”

“எழுதினதும் நீதானா?”

“ஆமாங்க.”

“மதகைப் பார்த்தியா?”

“இல்லீங்க.”

“பனமலைக்கு பஸ்ஸு விட்டிருக்காங்களே, தெரியாதா?”

முதலாளிதான் பேசினார்.

“இவன் போய்ப் பாத்துட்டு வரட்டுங்க. பாத்தத எழுதட்டும். நானே அடிச்சுத் தர்றேன். அடியில என் பிரஸ் பேரும் இருக்கும், இவன் பேரும் இருக்கும்.”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் கைக்கு வரணும்” என்றார் வக்கீல். “இல்லன்னா கேஸுதான்.”

அவர் போனபின் மெதுவாகச் சொன்னேன்: “கட்சியில சும்மா வுட மாட்டாங்கண்ணே.”

“ஞாயித்துக்கெழம அவங்களக் கேட்டுக்கினா அடிச்ச?”

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். மதகு திறந்தே இருந்தது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். “தண்ணி ஒரு நாளும் நிக்காம வந்துக்கினுதான் இருக்குது. எவன் மூடினான்?” என்றாள்.

‘மதகைப் பற்றி நான் எழுதிய பொய்’ என்று தலைப்பு வைத்தேன். அந்த ‘ம’வை மட்டும் முதலாளி தன் கையால் எடுத்து வைத்தார். என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அந்தத் தாளின் அடியில்தான். வக்கீலின் கையில் ஒரு கட்டு கொடுத்துவிட்டு, மிச்சத்தை பஸ் ஸ்டாண்டில் நானே நின்று விநியோகித்தேன். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் வாங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தார். “இனிமே பத்திரிகைப் பக்கமே வராதே” என்று தாளை என் கையிலேயே திணித்துவிட்டுப் போனார்.

பிரஸ்ஸுக்கு சீல் வைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகைகளுக்குப் புரூப் பார்க்க முதலாளி என்னைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். கேட்கவில்லை.