பின் இருக்கைக்கு வராத காற்று

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அக்காவால் வண்டியின் முன் இருக்கையில் காலை மடக்கி உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பம்மலில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து தாம்பரத்தில் எங்கள் தேவாலயத்துக்கு அவளை அழைத்து வருவது என் பொறுப்பு. எங்களுடையது குடும்பமாகப் போக வாங்கிய பெரிய வண்டி. நடு இருக்கை முழுவதையும் அவளுக்கே விட்டுவிடுவோம். குறுக்காக உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். ஓட்டுவது நான், பக்கத்தில் என் மனைவி. உடன்பிறந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது அக்காவும் நானும்தான். அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஆராதனைக்காகத்தான் அவள் வாரத்தில் ஒருமுறை படியிறங்குவாள்.

போன கோடை தொடங்கும் நேரத்தில் வண்டியின் பின்பக்க புளோயர் நின்றுபோனது. ஏசியின் குளிர்ந்த காற்றைப் பின்னால் இருப்பவர்களுக்குத் தள்ளிவிடும் சிறிய விசிறி அது. கூரையோடு ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறது. மெக்கானிக்கிடம் விடலாம் என்றாள் மனைவி. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். "மோட்டாரைப் பத்தி எனக்கு இன்னொருத்தன் சொல்லித் தரணுமா?" என்று கேட்டேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது.

வாசலில் வண்டியை நிறுத்தி, கூரைப் பெட்டியைக் கழற்றினேன். மோட்டாருக்கு மின்சாரம் போகும் இணைப்பு சூட்டில் கருகி, பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கருகிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு ஒயர்களை நேராக முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினேன். புகை படிந்து இரண்டு ஒயர்களும் ஒரே கறுப்பாக இருந்தன. எது எதனோடு சேர வேண்டும் என்று வெட்டுவதற்கு முன் குறித்து வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் விசிறி சுற்றியது, பெரிய சத்தம் வந்தது. சத்தத்தைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கல்லூரி நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் படம் போட்டேன். கைதட்டல்கள் வந்து குவிந்தன.

துவாரத்தில் கை வைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று குறைவாகத்தான் வந்தது. கேஸ் குறைந்திருக்கும், வடிகட்டியில் தூசு அடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படம் போட்டாகிவிட்டதே.

அடுத்த ஞாயிறு குரோம்பேட்டை நெரிசலில் நின்றபோது, "எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"சத்தம் நல்லா வருதுடா" என்றாள் அக்கா.

"காத்து?"

"அதுவும் வருது."

சற்று நேரத்தில் அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. "ஏசி ஓடும்போது யாராவது கண்ணாடியை இறக்குவாங்களா? எவ்வளவு கஷ்டப்பட்டு சரி பண்ணியிருக்கேன்!" என்று கத்தினேன். கத்தியதோடு விடவில்லை. என் கதவில் இருந்த பொத்தானை அழுத்திப் பின் கண்ணாடிகளைப் பூட்டினேன். குழந்தைகள் விளையாடாமல் இருப்பதற்காக வைத்த பொத்தான் அது. என்னைவிட மூத்தவளை அதில் பூட்டினேன். பிறகு அதை எடுத்துவிடவே இல்லை.

கோடை முற்றியபோது அக்கா வருவதை நிறுத்திவிட்டாள். கால் வலிக்கிறது, போனிலேயே ஆராதனை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். சில வாரங்கள் பொறுத்தேன். பிறகு ஒருநாள் தொலைபேசியில், "என்னக்கா, வயசாக ஆக பக்தி குறைஞ்சு போச்சா?" என்று கேட்டேன். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி வேறு பேச்சைத் தொடங்கினாள்.

எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த அடுத்த வாரம், மறைமலை நகரில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். அக்காவால் தட்ட முடியாத அழைப்பு. நான் ஓட்டக்கூடாது என்பதால் அன்றைக்கு மட்டும் ஓட்டித் தர ஓர் ஆக்டிங் டிரைவரை வரச்சொன்னோம். வழி சொல்ல மனைவி முன்னால் உட்கார்ந்தாள். நான் கறுப்புக் கண்ணாடியோடு நடு இருக்கையின் ஓரத்தில், அக்காவின் நீட்டிய காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்தது அதுதான் எனக்கு முதல் தடவை.

காலையில் மேகமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சாப்பாடு முடித்துத் திரும்பும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் நல்ல வெயில். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தலைக்கு மேல் விசிறி இரைகிறது. சட்டை முதுகோடு ஒட்டுகிறது. துவாரத்துக்கு நேராக முகத்தைத் தூக்கினேன். யாரோ வாயால் ஊதுவதுபோல் ஏதோ வந்தது. கண்ணாடியை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை.

டிரைவர் தன் முன்னால் தொங்கிய கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், பின்னால காத்து வருதா? முன்னாடி செம கூலா கீது."

"வருது, வருது" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தன் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுக்கப் போனவள், நான் கவனிப்பதைக் கண்டதும் மறுபடி உள்ளே தள்ளினாள். உறைக்குள் நனைத்துப் பிழிந்த துண்டு இருந்தது. பைக்குள் அதன் பக்கத்தில் ஒரு கைவிசிறி, ஒரு பாட்டிலில் எலுமிச்சைச் சாறு. என் வண்டியில் ஏறுவதற்கு அவள் செய்துகொண்ட ஏற்பாடு. மாட்டிக்கொண்டது அவள்தான் என்பதுபோல் அவள் முகம் சிறுத்தது.

அப்போதும் முன்பின் தெரியாத டிரைவர் முன்னால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கறுப்புக் கண்ணாடிக்குள் இறங்கியது. அக்கா அந்தத் துண்டை எடுத்து என் நெற்றியில் அழுத்தினாள்.

"ஆபரேஷன் பண்ண கண்ணுடா. வேர்வை படக்கூடாது" என்றவள், முன்னால் பார்த்து, "தம்பி, உங்க கதவுல ஒரு பொத்தான் இருக்கும், அதை எடுத்துவிடுங்க. பின்னாடி கண்ணாடி இறங்கணும். இங்க காத்தே கிடையாது" என்றாள்.

அவளுக்காக ஒருமுறையும் கேட்காததை என் கண்ணுக்காகக் கேட்டாள்.

மனைவி திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தாள். "இத்தனை நாளா இப்படித்தானா? ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா ஓட்டிக்கிட்டே கத்துவான். அவன் கத்திக்கிட்டு ஓட்டுறதுக்கு இந்த வெயிலே பரவாயில்லைம்மா."

டிரைவர் சிரித்துவிட்டு, உடனே இருமினார். தாம்பரம் வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடான காற்றுதான், ஆனாலும் காற்று.

கண் ஆறிய பிறகு மறுபடியும் பெட்டியைக் கழற்றினேன். விசிறியின் கூட்டிலேயே சுழல வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி வார்க்கப்பட்டிருந்தது. விசிறி அதற்கு எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி மோட்டாரில் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் அது எதிர்த்திசையில் ஓடும். இந்த வகை விசிறி எதிர்த்திசையில் ஓடினால் சத்தம் பெரிதாக வரும், காற்று பேருக்குத்தான் வரும். முதல் பாதியை என் வேலைக்காலம் முழுவதும் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். ஒயர்களை மாற்றி வைத்தேன். காற்று தூசியோடு முகத்தில் அறைந்தது.

அன்று மாலையே பம்மலுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயரைத் தலைகீழாகக் கொடுத்திருந்ததைக் கேட்டதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதைத்தானேடா பசங்களுக்கு நடத்தின?"

"இதேதான்."

"எவனாவது இப்படி எழுதியிருந்தா?"

"ஃபெயில் போட்டிருப்பேன்."

பிறகு பூட்டிய கண்ணாடிக்காக மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் கையை ஆட்டிச் சிரித்தாள். போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டபோது சிரிக்கவில்லை.

"அதை மட்டும் நீ சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள். "அன்னிக்கு போனை வச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நிஜமாவே குறைஞ்சுபோச்சோன்னு யோசிச்சேன். வெயிலுக்குப் பயந்துக்கிட்டு சர்ச்சுக்குப் போகாதவளுக்கு என்ன பக்தின்னு."

எனக்குப் போட்டுத் தந்த டீ ஆறிப்போயிருந்தது. அவள் எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அடுத்த ஞாயிறு வருவாயா என்று கேட்கத் துணிச்சல் வராமல் கிளம்பினேன். சனிக்கிழமை அக்கா என் மனைவிக்குப் போன் செய்து, வழக்கமான நேரத்துக்கு வரச்சொல்லு என்றாளாம்.

அந்த ஞாயிறு வண்டி பம்மல் தெருக்களைத் தாண்டிப் பல்லாவரத்தை நெருங்கியபோது, பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டேய், காத்தைக் குறைடா. காதுல அடிக்குது."

என் வாய் திறந்துவிட்டது. வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றமா என்ற வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. என் தாடை இறுகியதை மனைவி பார்த்தாள். நான் கோபித்துக்கொள்வேன் என்று தெரிந்தும் அக்கா உண்மையைச் சொல்லியிருக்கிறாள். இதைக்கூட எனக்குள் எனக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. சரிசெய்துவிட்டு வந்தது புளோயரை மட்டும்தான்.

"இப்போ?" என்று குறைத்துவிட்டுக் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.