பதியாமல் விட்ட இடம்

ஸ்கந்தபுரத்தில் எங்கள் பக்கத்து வளவு லக்சிகாவுக்கு முதல் தரம் சோதினை எழுதியபோதே பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் கிடைத்தது. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை. வீட்டில் பொங்கிப் படைத்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவ பீடத்து வெட்டுப்புள்ளி நூலிழையில் தவறியிருந்தது. அதுதான் அவளைப் பிடித்த சனி.

பல்கலைக்கழகத்துக்கென்று மூன்று தரம் சோதினை எழுதலாம். ஆனால் கிடைத்த பீடத்தில் பதிந்துவிட்டால், அடுத்த தரம் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் வேறு பீடத்துக்கு எடுக்கமாட்டார்கள். அதனால் டொக்டர் கனவு கண்ட பெற்றோர் பிள்ளைகளைப் பதியவே விடுவதில்லை.

"பதிஞ்சிடாதை பிள்ளை. இன்னும் ரெண்டு தரம் இருக்குத்தானே," என்றார் தகப்பன் வீரகத்தி. வயலில் முதுகு முறிந்த மனிதர். மகளை வெள்ளைக் கோட்டோடு மனதில் பார்த்துவிட்டார்.

"எனக்கு விவசாயம் விருப்பம் அப்பா."

"வயல்ல நிக்கிறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?"

பதியும் நாள் போய்விட்டது. அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். தன் வீட்டுக்கு வரும்போது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

இரண்டாம் தரம் புள்ளி இன்னும் குறைந்தது. விவசாயமும் இல்லை. அதன்பிறகு அவள் கோயில் திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. கண்டவர் நின்றவரெல்லாம் "இந்தமுறை சரிவருமோ பிள்ளை?" என்று கேட்டால் யார்தான் வெளியே வருவார்கள்? அப்படிக் கேட்டவர்களின் வாயைத் தைக்கவேண்டும் போல எனக்கு ஆத்திரம் வரும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. தாய் கமலாசனி மகளுக்குக் கண்ணூறு பட்டதென்று செத்தல்மிளகாய் சுற்றிப் போட்டார். பிள்ளையிடம் என்ன செய்கிறது என்று கேட்க மட்டும் அந்த வீட்டில் ஆளில்லை.

மூன்றாம் தரம் சோதினை மண்டபத்தில் அவளுக்குத் தெரிந்த விடைகளே எழுத வரவில்லை. பாதிப் பேப்பர் வெறுமையாகப் போனது.

பெறுபேறு வந்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். எந்தப் பீடத்துக்கும் புள்ளி காணாது. வீரகத்தி போனில் அவளின் சுட்டெண்ணைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்.

"இந்தமுறை பேப்பர் கஷ்டமாம் எண்டு கதைக்கினம்," என்றார் கடைசியில்.

லக்சிகா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பேப்பர் லேசுதான் அப்பா. ஒருக்காத்தான் எழுதலாம் எண்டு சட்டம் இருந்திருந்தா, நான் இப்ப கம்பஸில படிச்சுக்கொண்டு இருந்திருப்பன்."