அஸ்ரியா மிஸ்ஸின் நாற்பது நிமிடம்

கற்பிட்டிப் பக்கத்துத் தாய்மார் கிளினிக் ஒன்றில் இரத்தம் சோதிப்பவர் அஸ்ரியா மிஸ். அங்கே கூட்டித் துடைப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பார்த்துப் பார்த்தே சில விஷயங்கள் பிடிபட்டன.

எச்.ஐ.வி. பார்க்கும் சின்ன அட்டையில் வைரஸின் புரதத்தைக் கோடாகப் பூசியிருப்பார்கள். அதில் வைரஸ் இல்லை. புரதத்தை மட்டும் நுண்ணுயிர்களைக் கொண்டு தொழிற்சாலையில் செய்விக்கிறார்களாம். நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பொருள் இரத்தத்தில் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும். வழக்கமான ஒரு கோட்டோடு இரண்டாவது கோடும் தெரியும். சில கர்ப்பிணிகளுக்கு நோய் இல்லாமலும் ஒட்டும். அப்போது வேறு புரதம் பூசிய இன்னோர் அட்டையில் பார்க்க வேண்டும்.

ஓர் அட்டைக்கு இருபது நிமிடம் போதும். மிஸ் எல்லாரையும் நாற்பது நிமிடம் உள்ளே இருத்துவார். "ஆமை மிஸ்" என்று வெளியே வாங்குப் பலகையில் காத்திருப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் உச்சமுனையிலிருந்து சுதர்சினி, மாமியார் மக்தலேனாவோடு வந்தாள். ஐந்து மாதம். துடைக்கப் போன நான் மேசையைப் பார்த்துவிட்டேன். இரண்டு கோடு.

மிஸ் வேறு பெட்டியைத் திறந்தார். "பயப்படாதீங்க புள்ள. இது முடிவில்ல. இன்னொண்டு பாக்கணும்."

சுதர்சினி கதவைத்தான் பார்த்தாள். "மாமி வெளிய இருக்கா, மிஸ்."

"இருக்கட்டும்."

நான் வாளியோடு வெளியே வந்தேன். மக்தலேனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, என்ட மருமகளுக்கு மட்டும் இவ்வளவு நேரம்?"

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "எல்லாருக்கும் இதேதான் அக்கா. போன மாசம் என்ட மகளயும் இப்படித்தான் காய வச்சாங்க."

"அப்ப சரி."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு அட்டைக்கு நாற்பது நிமிடம்; எல்லாரும் அவ்வளவு நேரம் இருந்தால், இரண்டாவது அட்டை யாருக்கு என்று வெளியே தெரியாது.

இரண்டாவது அட்டையில் ஒரு கோடுதான். என்றாலும் உறுதிப்படுத்த இரத்தம் கொழும்புக்குப் போனது. மிஸ் என்னிடம் கேட்டார்: "ராத்தா, என்ன கண்டீங்க?"

"ஒண்டும் காணல்ல, மிஸ்."

அடுத்த கிளினிக் நாளில் கொழும்பு முடிவு வந்திருந்தது: நோய் இல்லை. சுதர்சினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்பது நிமிசம் முடிய இன்னும் கால் மணித்தியாலம் இருக்கு. ஆறுதலா முகத்தக் கழுவுங்க."

கழுவிய முகத்தோடு அவள் வெளியே போனபோது, அன்றும் கூட வந்து காத்திருந்த மக்தலேனா எழுந்தார். "மிஸ், உங்கள ஆமை எண்டு சொல்றாங்க, தெரியுமா?"

"தெரியும் அம்மா," என்று சொல்லிவிட்டு மிஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.