நேற்றைய கண்ணாடி

கண்டி நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் பல வருடங்கள் வேலை செய்தேன். இப்போது அங்கே இல்லை. ஏன் இல்லை என்று மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகளில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

மார்பில் கட்டி என்று வருகிற பெண்களிடமிருந்து ஊசியால் எடுத்த தசைத்துண்டு எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயமேற்றுவது என் வேலை. நுணுக்குக்காட்டியில் பார்த்து முடிவு சொல்வது டொக்டர். அவர் சிங்களவர். என் கையில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கெடுத்தது என் அலட்சியம்.

நல்ல மார்பில் பால்குழாய் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வரிசைக் கலங்கள், அதாவது செல்கள், வேலி போல நிற்கும். புற்று வெளியே பரவிய இடத்தில் அந்த வேலி இருக்காது. சாதாரணச் சாயத்தில் சில கட்டிகள் டொக்டரையே குழப்பும். நல்ல கலங்களே கெட்டவை போல நெருங்கி முறுக்கிக்கொண்டு கிடக்கும். அப்போதுதான் பிரிட்ஜிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுப்போம். அதில் இருப்பது மொனோகுளோனல் பிறபொருளெதிரி. ஒரே கலத்தின் வழிவந்த கலங்கள் செய்தது என்பதால் அது ஒரே ஒரு பொருளை மட்டும் தேடிப்போய் ஒட்டும். எங்கள் போத்தல் தேடியது வேலிக் கலங்களை. ஒட்டிய இடம் மண்ணிறமாகும். குழாயைச் சுற்றி மண்ணிற வளையம் இருந்தால் பயமில்லை. வளையம் இல்லாவிட்டால் புற்று.

ஆனால் போத்தலில் இருக்கும் அந்த மருந்து செத்துப்போயிருந்தாலும் வளையம் வராது. அதனால் ஒவ்வொரு முறையும் நல்ல மார்பின் துண்டு ஒன்றையும் கூடவே சாயமேற்ற வேண்டும். அதற்குப் பெயர் கொன்ட்ரோல். அதில் வளையம் தெரிந்தால்தான் மற்றக் கண்ணாடிகளை நம்பலாம்.

அந்த வாரம் கொன்ட்ரோலுக்கு வைத்திருந்த மெழுகுக்கட்டி தீரும் நிலையில் இருந்தது. மருந்தும் போத்தலின் அடிக்குப் போய்விட்டது. புதியது வரத் தாமதம். மருந்தில் கொஞ்சம் கூடுதலாகத் திரவம் கலந்து இழுத்துப் பிடித்தேன். கொன்ட்ரோலைச் சீவாமல், முந்தைய நாள் கண்ணாடியில் பென்சிலால் எழுதியிருந்த திகதியை அழித்து, அன்றைய திகதியை எழுதித் தட்டில் வைத்தேன். முன்பும் இரண்டு மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன். நேற்று வேலை செய்த மருந்து இன்று செய்யாதா என்ன?

அன்று வந்த துண்டு வத்தேகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுடையது. அதில் வளையம் வரவில்லை. கொன்ட்ரோல் சரியா என்று டொக்டர் கேட்டார். சரி என்றேன். அவர் அதையும் வைத்துப் பார்த்தார். அழகான வளையங்கள், எல்லாம் நேற்றையவை.

அந்தப் பெண்ணின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் அது வாளியில் எங்களிடமே வந்தது. டொக்டர் பல இடங்களில் வெட்டிப் பார்த்தார். புற்று எங்கும் இல்லை. சின்னக் கட்டியென்றால் ஊசியோடு முழுதுமாக வந்துவிடுவதும் உண்டு என்றார். நல்ல தசை நிறைய இருக்கிறது, இதிலேயே புதிய கொன்ட்ரோல் செய்துகொள் என்றும் சொன்னார். செய்தேன்.

பிறகு புதிய போத்தல் வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? ஒரு நாள் டொக்டர் பகல் சாப்பாட்டுக்குப் போன நேரம், அவளுடைய பழைய ஊசித்துண்டில் மிச்சமிருந்ததைச் சீவிப் புதிய மருந்தைப் போட்டேன். வளையங்கள். ஒரு குழாய்கூட விடாமல் மண்ணிற வளையங்கள். அவளுக்குப் புற்றே இருந்ததில்லை. பிறகு அந்தக் கண்ணாடியைக் கடதாசியில் சுற்றி என் மேசை லாச்சிக்குள் கையுறைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் முதல் வேலையாகக் கொன்ட்ரோலுக்கு அவளைச் சீவினேன். சீவிய மெழுகு வெந்நீரில் விரிந்து மிதக்கும்போது, முதுகுப் பக்கம் யாரோ நிற்பது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். வீட்டில் தேநீர்க் கோப்பை மேசையில் விட்ட வட்டத்தைத் துடைத்துத் துடைத்துத் தோற்றேன். “இல்லாத கறைய ஏன் போட்டுத் தேய்க்கிற?” என்று என் கணவர் கேட்டார்.

அவள் செத்துப்போகவில்லை, அதுதான் கொடுமை. வருடத்துக்கு ஒரு முறை மறு மார்பின் பரிசோதனைக்கு வந்து, அப்படியே எங்களிடமும் எட்டிப் பார்ப்பாள். தமிழ் பேச நான் ஒருத்திதான் என்பதால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவருவாள்.

“நீங்கெல்லாம் நேரத்தோட கண்டுபிடிச்சீங்க மிஸ். இல்லாட்டி நான் இந்நேரம் மண்ணுக்குள்ள.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா” என்பேன். அந்தப் பழங்களை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதே இல்லை.

மூன்றாம் வருடம் மகளோடு வந்தாள். கண்டியில் துணிக்கடையில் நிற்கிற பிள்ளை. தலை நிமிரவில்லை.

“மாப்பிள்ளை வீட்டுல வேணாம்னுட்டாங்க மிஸ். தாய்க்கு வந்தா மகளுக்கும் வருமாமே. இவ குளிக்கிறப்ப எல்லாம் தடவித் தடவிப் பாத்து அழுவுறா. இவளுக்கும் ஒருக்கா ஊசி போட்டு எடுத்துப் பாத்துருங்க.”

“கொஞ்சம் இருங்கக்கா” என்று உள்ளே போனேன். லாச்சியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து டொக்டரின் நுணுக்குக்காட்டியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். திகதியை அழித்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, அவளுக்கு விளங்கும் பாஷையில் நீயே சொல், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

“அக்கா, உங்களுக்குப் புத்துநோய் வரவே இல்ல. நான் செஞ்ச பிழை. மருந்து வேலை செய்யல. நான் அத மறைச்சு, நல்லாத்தான் இருக்குன்னு காட்டினேன்.”

அவள் முதலில் மகளைப் பார்த்தாள். “அப்ப இவளுக்கு?”

“உங்களால இவங்களுக்கு ஒரு பயமும் இல்லக்கா.”

மகள் கதிரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தாய் அழவில்லை. இடது தோளில் சேலையை இழுத்துச் சரிசெய்தாள்.

“அப்ப அது எங்க மிஸ்?”

எனக்கு விளங்கவில்லை.

“என்கிட்ட இருந்து எடுத்தீங்களே. அது.”

எரித்துவிட்டோம் என்று சொல்லியிருக்கலாம். முக்கால்வாசிக்கு அது உண்மையும்கூட. ஆனால் மூன்று வருடம் அவளிடம் பொய்யாக இருந்தாகிவிட்டது. உள்ளே போய் அந்த மெழுகுக்கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் நடுவில் தேய்ந்த சவர்க்காரத் துண்டு போல, நகத்தளவு வெளுப்பாக அது இருந்தது.

“இவ்வளவுதானா?”

“தினமும் கொஞ்சங் கொஞ்சமா சீவினோம். மத்தப் பொம்பளைங்களோட சோதனை சரியான்னு பாக்கணும்னா உங்களோடத வச்சுத்தான் பாத்தோம்.”

அவள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் வைத்து இறுக முடிந்து இடுப்பில் செருகினாள். டொக்டர் ஏதோ சொல்லக் கை தூக்கியவர், இறக்கிக்கொண்டார். தாயும் மகளும் படியிறங்கிப் போனார்கள்.

விசாரணை வந்ததும் வேலை போனதும் அடுத்த மாதம். அவர்கள் வந்துபோன மறுநாள் காலை வழக்கம் போலப் போய்ச் சீவும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். மூன்று பெண்களின் துண்டுகள் காத்திருந்தன. கொன்ட்ரோல் இல்லை. ரிப்போர்ட் எப்போது வரும் என்று வெளியிலிருந்து இரண்டு முறை கேட்டார்கள். அன்று நான் ஒரு கண்ணாடியையும் வெளியே அனுப்பவில்லை.