நகரியிலிருந்து திருச்சானூருக்கு: ஒரு காலிப் பையும் வெள்ளைத் தேனீக்களும்

போன ஞாயிறு திருப்பதி போனேன். மலைக்கு இல்லை, மனைவி கலாவை வீட்டுக்கு அழைத்துவர. எனக்கு நகரியில் நாலு பவர்லூம். அவளுக்குத் திருச்சானூர்ப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் தேனீ ஆராய்ச்சி. 'வர்ற ஞாயிறு நிச்சயம்' என்று சொல்லியே மூன்று மாதம் ஓட்டிவிட்டாள். அவள் துணிமணிக்காக ஒரு காலிப் பையையும் எடுத்துக்கொண்டேன்.

காலை 7.10 பாசஞ்சர், இருபது ரூபாய். ஒன்பதுக்குத் திருப்பதி. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவுக்கு இன்னொரு இருபது. கூட்டமான நாளில் கூடுதலாகக் கேட்பார்கள், பேசிக்கொண்டு ஏறுங்கள்.

"இன்னா மாமா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற? எதனா துன்னியா?" என்றாள் கலா. முகம் இளைத்திருந்தது. பையைப் பார்த்ததும் விறுவிறுவென்று ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துப்போனாள்.

உள்ளே கண்ணாடித் தட்டுகளில் தேனீயின் கூட்டுப்புழுக்கள். ஒரு தட்டில் எல்லாம் கறுத்திருந்தன. இன்னொன்றில் கண் மட்டும் பழுப்பு, உடம்பு வெள்ளை வெளேர். தறிக்காரன் புத்தி போகுமா? "இதுக்கு எப்போ சாயம் ஏத்துவீங்க?" என்றேன்.

சிரித்துவிட்டாள். "யாரும் ஏத்த மாட்டாங்க மாமா. ஒடம்புல ஒரு ஹார்மோன் ஏறி, அப்புறம் எறங்கும். எறங்கினாத்தான் மேல்தோல் கறுத்துக் கெட்டியாவும். இதுங்களுக்கு அதையே ஊசி போட்டு எறங்கவிடாம வச்சிருக்கேன். எம்மாம் நேரம் தள்ளிப்போவுதுன்னு பார்த்து எழுதிக்கினு இருக்கேன்."

"எப்போ கறுக்கும்?"

"தெரிஞ்சா இப்பவே உங்கூட வந்துட மாட்டேனா? நடுவுல வுட்டா மூணு மாச வேலை வீணு."

நானும் பக்கத்தில் குந்தினேன். கறுத்துத் தொலையேன் என்று ஒவ்வொன்றாக வேண்டிக்கொண்டேன். மூன்றரை மணிக்கு ஓரத்தில் இருந்த ஒன்றின் முதுகில் லேசாக நிறம் தட்டியது. இருபது வருடமாக நூலில் சாயம் பார்க்கிற கண். "கலா, புடிச்சிக்கிச்சு!" என்று கத்தினேன்.

அவளும் ஆசையாகத்தான் குனிந்தாள். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினாள். நிறம் போய்விட்டது.

"உன் நெழலு மாமா," என்றாள். எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தாள்.

இப்படி ஆராய்ச்சிக்காரர்களை அழைத்துவரப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தலைக்கு வாசனை எண்ணெய் வேண்டாம். தேனீப் பெட்டிகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். சாப்பாடு இருவருக்கும் கட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்கும் தெரியாது.

மாலை ஐந்துக்குக் கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். "இன்கா ஒக்கரு ராவாலி சார், இன்னும் ஒரு ஆளு வந்தா எடுத்துடலாம்," என்றார் டிரைவர். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அவசரமில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் கழித்து அந்த ஓர் ஆளுக்கான இருபது ரூபாயையும் நானே கொடுத்து, பக்கத்து இடத்தில் காலிப் பையை வைத்துக்கொண்டேன்.